லட்டு ஏன் காரடியில் போய் உட்கார்ந்தான்?

வணக்கம் சார்,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டரை வயதில் ஒரு பீகிள் இன நாய் இருக்கிறான். பெயர் லட்டு. புதுச்சேரியிலும் கடலூரிலும் பீகிள் வளர்க்கும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து மார்ச் முதல் ஞாயிறு கேப்பர் மலைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் மோப்பத் தடம் பிடிக்க நாய்களை அழைத்துப் போனோம். எல்லோரும் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. எங்களில் ஒரு தம்பி காரிலிருந்து இறங்கி, சோம்பு எண்ணெயில் நனைத்த துணியை இழுத்துக்கொண்டு தோப்பின் கடைசி வரை நடந்தார். அங்கே ஒரு டப்பாவில் வேகவைத்த கோழி ஈரலை வைத்துவிட்டு, போன வழியிலேயே திரும்பி வந்து காரில் உட்கார்ந்துகொண்டார். கார் ரோட்டோரம் நின்றது. நூறடி தள்ளி வேலியோரத்திலிருந்து ஆறு நாய்களையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டோம்.

ஒரு நாய் குரல் கொடுத்தது. மற்றவை அதன் பின்னால் ஓடின. பாதியில் சிதறி ஆளுக்கொரு மரத்தடியில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்துவிட்டன. டப்பாவைக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. லட்டு அவற்றோடு போகவேயில்லை. பத்தடிக்கு ஒரு தரம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "தேடுடா" என்று அதட்டினேன். கொஞ்ச நேரம் தரையை முகர்ந்தவன் நேராகத் திரும்பிக் காரடிக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். "இதுவே நம்மூர்க் கன்னி இன நாயாக இருந்திருந்தால்" என்று மாமனார் ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது சார். வாக்கிங்கில் என் காலோடு காலாக வருவான். இழுக்க மாட்டான், சாக்கடைப் பக்கம் மூக்கை நீட்ட மாட்டான். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன். தெருவே பாராட்டும். இதில் மட்டும் ஏன் மக்காக இருக்கிறான்? சோம்பு எண்ணெய் எவ்வளவு ஊற்ற வேண்டும், எந்தக் கம்பெனி நல்லது? உடம்பில் மாட்டும் ஹார்னஸ் எது வாங்கலாம்? அடுத்த தடவை நிஜ முயலையோ கௌதாரியையோ கிளப்பிவிட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? இந்த ஆறு போக, ஆய்வகத்திலிருந்து மீட்டு வளர்க்கும் இன்னொரு பீகிள் காரைவிட்டே இறங்கவில்லை. அதை என்ன செய்வது?

ம., மஞ்சக்குப்பம்

*

அன்புள்ள ம.,

லட்டு மக்கு இல்லை. அன்றைக்கு அந்தத் தோப்பில் வேலையைச் சரியாகச் செய்து முடித்தவன் அவன்தான்.

உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தரம் படியுங்கள். தடம் போட்டவர் காரிலிருந்து இறங்கினார், வேலியைக் கடந்தார், தோப்பின் கடைசிக்குப் போனார், அதே வழியில் திரும்பினார், காரில் ஏறினார். வேலியோரத்தில் லட்டுவின் மூக்குக்குக் கீழே அவருடைய காலடி இரண்டு வரிசையாகக் கிடந்தது. போன வரிசை பழசு, வந்த வரிசை புதுசு. நாலைந்து காலடியை முகர்ந்தாலே ஆள் எந்தத் திசையில் போனான் என்று நாய்க்குத் தெரிந்துவிடும். ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு வினாடிகூட இருக்காது, அந்த வித்தியாசமே அதற்குப் போதும். தடம் பிடிக்கப் பழகிய நாய்களை வைத்துச் சோதித்து உறுதிசெய்த விஷயம் இது. லட்டு புதிய வரிசையை எடுத்தான். அது கார்க் கதவில் முடிந்தது. ஆள் உள்ளே இருந்தார். அவன் உட்கார்ந்தான். அமெரிக்க விமான நிலையங்களில் 1984 முதல் பீகிள்களை வைத்துப் பயணிகளின் பெட்டிகளில் ஒளிந்திருக்கும் பழத்தையும் இறைச்சியையும் கண்டுபிடிக்கிறார்கள். அந்த நாய்கள் குரைப்பதில்லை, பிறாண்டுவதில்லை. வாசனை எந்தப் பெட்டியில் இருக்கிறதோ அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்து வரவழைக்கும் காரியத்தை உங்கள் பிள்ளை யாரும் சொல்லாமலே செய்திருக்கிறான். ஒரு துண்டு ஈரல்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை, சிரிப்புதான் கிடைத்தது.

மற்ற கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் நான் பேச வேண்டியது வேறு.

எண்ணெயில் கம்பெனி பார்க்க ஒன்றுமில்லை. சோம்புக்கும் அன்னாசிப்பூவுக்கும் அந்த மணத்தைத் தருவது அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான். இங்கிலாந்தின் வடக்கே கம்பிரியாவில் மண்ணெண்ணெயும் சோம்பு எண்ணெயும் கலந்து நனைத்த கந்தையை மைல்கணக்கில் மலைமேல் இழுத்துப் போட்டு நாய்ப் பந்தயம் விடுகிறார்கள். அங்கே குட்டியிலிருந்தே 'இந்த வாசனையின் முடிவில் சாப்பாடு' என்று பழக்கியிருப்பார்கள். உங்கள் ஆறு நாய்களுக்கும் சோம்பு வாசனை அடுப்படி வாசனை, அவ்வளவுதான். அதைத் தேட வேண்டும் என்று யார் அவற்றிடம் சொன்னது? பழக்காத நாய்க்கு எண்ணெய் வேண்டாம், மனிதக் காலடியே போதும். கருவாட்டைத் துணியில் கட்டி இழுக்கும் யோசனையும் யாருக்காவது வரும். முதுநகர்க் கருவாடு என்றால் ஊர் நாய் அத்தனையும் பின்னால் வரும், உப்பைத் தின்றுவிட்டு உங்கள் நாய் நாள் முழுக்கத் தண்ணீருக்குத் தவிக்கும்.

ஹார்னஸ், மார்பில் ஒய் எழுத்து மாதிரிப் பிரிந்து தோள்மூட்டை அழுத்தாமல் இருக்க வேண்டும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். லீஷ், அதாவது நீங்கள் கையில் பிடிக்கும் வார், முதுகில் மாட்டுவதாக, ஐந்து மீட்டர் நீளத்தில், தட்டையான பருத்திப் பட்டையாக இருக்கட்டும். உருண்டைக் கயிறு உள்ளங்கையை அறுக்கும். பட்டனை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் லீஷ் கூடவே கூடாது. அது ஓயாமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும், நாய் அதை நீங்கள் இழுப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

முயலைக் கிளப்பிவிடலாம் என்றவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை, அது குற்றம். நாயை ஏவித் துரத்துவதும் வேட்டைதான். பீகிள் முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம் என்று அவர் நியாயம் பேசலாம். அந்த இனம் உருவான இங்கிலாந்திலேயே 2004இல் சட்டம் போட்டு நாயை வைத்து முயல் வேட்டையாடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாயின் மூக்குக்கு வேலை கொடுக்க இன்னொரு உயிரின் குலை நடுங்க வேண்டியதில்லை. இந்தப் பேச்சைக் குழுவில் மறுபடி யாராவது எடுத்தால் நீங்கள் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமனாரிடம் சண்டை வேண்டாம். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கும் நாய்கள். அவற்றின் நீண்ட கால் அதற்கானது. பீகிள் தரையோடு மூக்கை வைத்து, கண்ணில் படாததைத் தேடிப் போகும் நாய். இரண்டையும் ஒப்பிட்டு ஒரு லாபமும் இல்லை.

காரைவிட்டு இறங்காத அந்தச் செல்லத்தைப் பற்றி: கூண்டில் பிறந்து சிமெண்டுத் தரையிலேயே வளர்ந்த உயிர். புல், சருகு, காற்றில் ஆடும் கிளை எல்லாமே அதற்குப் புதுசு. தூக்கி இறக்காதீர்கள். காரை நிழலில் நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். அது படுக்கும் அதே விரிப்பைக் கதவடியில் மண்மேல் போடுங்கள். பழகியவர் ஒருவர் அந்த விரிப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு சும்மா உட்காரட்டும். முதல் நாள் மூக்கை மட்டும் வெளியே நீட்டினால் அன்றைய பாடம் முடிந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போகலாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

'சாக்கடைப் பக்கம் மூக்கை நீட்ட மாட்டான், அப்படிப் பழக்கி வைத்திருக்கிறேன்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். கடற்கரைச் சாலையிலும் வெள்ளிக் கடற்கரையிலும் காலையில் நாயோடு நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம் இது. நாய் குனியும், கை லீஷைச் சுண்டும். நாய் மறுபடி குனியும், கை மறுபடி சுண்டும். ஒரு வாக்கிங்கில் இது எத்தனை தடவை நடக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இருபது என்றே வைத்துக்கொள்வோம். காலை, மாலை இரண்டு வேளைக்கு நாற்பது. வருஷத்துக்குப் பதினாலாயிரத்துக்கு மேல். லட்டு இரண்டு வருஷமாக உங்களோடு நடக்கிறான். மூக்கைத் தரையில் வைத்தால் கழுத்து வலிக்கும் என்ற பாடத்தை அவன் கிட்டத்தட்ட முப்பதாயிரம் தரம் படித்திருக்கிறான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பில் நிறுத்தி 'மூக்கைத் தரையில் வை' என்கிறீர்கள். அவன் என்ன செய்வான்? உங்கள் முகத்தைத்தான் பார்ப்பான். 'நிஜமாகத்தான் சொல்கிறாயா, பிறகு சுண்ட மாட்டாயே' என்று கேட்கிறான்மா அவன். அதற்கு நீங்கள் அதட்டினீர்கள்.

முகத்தைப் பார்ப்பது நாயின் பிறவிக் குணமும்கூட. 2003இல் ஹங்கேரியில் ஒரு ஆய்வு செய்தார்கள். குட்டியிலிருந்து மனிதக் கையால் வளர்த்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் முதலில் திறக்கக்கூடிய மாதிரி உணவை வைத்துக் கொடுத்து, பிறகு அதையே திறக்க முடியாதபடி செய்துவிட்டார்கள். ஓநாய்கள் விடாமல் அதனோடேயே மல்லுக்கட்டின. நாய்கள் சீக்கிரமே நிமிர்ந்து மனிதன் முகத்தைப் பார்த்தன. நம்மைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. அந்த ஆசைமேல், முப்பதாயிரம் தரம் லீஷைச் சுண்டிய பயத்தையும் நீங்கள் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அதையும் மீறித்தான் அவன் குனிந்து, நாலு காலடி முகர்ந்து, ஆளைக் கண்டுபிடித்தான். எப்பேர்ப்பட்ட மூக்கு அது!

காலோடு காலாக நடப்பதை நான் குறை சொல்லவில்லை. பாரதி சாலையில் பஸ் வரும்போது அது வேண்டும். ஆனால் நடை முழுக்கவே அப்படி இருந்தால், வாசிக்கத் தெரிந்தவனின் கண்ணைக் கட்டி ஊர் சுற்றிக் காட்டுவது போலத்தான். தெருமுனைக் கம்பத்தில் நேற்று ராத்திரி எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா, பயந்திருந்ததா என்பதெல்லாம் அவனுக்கு அங்கே எழுதி வைத்திருக்கிறது. 2019இல் வெளியான ஒரு ஆய்வில் வீட்டு நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு வாரம் மூக்கால் தேடும் விளையாட்டு, இன்னொன்றுக்கு இரண்டு வாரம் காலோடு நடக்கும் பயிற்சி. இரண்டுக்குமே தின்பண்டம் கொடுத்துத்தான் பழக்கினார்கள். பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும், உள்ளே சாப்பாடு இருக்குமா இருக்காதா என்று சொல்ல முடியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தார்கள். மூக்கு வேலை செய்த நாய்கள் முன்பைவிட வேகமாக, நம்பிக்கையோடு அந்தக் கிண்ணத்தை நோக்கிப் போயின. காலோடு நடந்தவற்றில் அந்த மாற்றம் இல்லை. தெரு பாராட்டியது உங்கள் பழக்கத்தை. அவனுக்கு அதில் என்ன கிடைத்தது என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இதைச் சரிசெய்ய மூன்று நாலு வாரம் பிடிக்கும். இரண்டு உடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பெல்ட் மாட்டினால் ரோட்டு நடை. ஹார்னஸ் மாட்டினால் மூக்கு நடை, அதில் அவன் போகும் இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். மூக்கு நடை இருபது நிமிஷம் போதும். ஒரு கம்பத்தடியில் நின்றால் மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள், அதற்குள் அவனே நகர்வான். கண்ட இடத்திலும் வாய் வைத்துவிடுவானே என்ற பயம் நியாயம்தான். வயலோரம் என்றால் எலிக்கு வைத்த மருந்து கிடக்கலாம். அதற்கு 'விடு' என்ற சொல்லைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். முகர்வது வேறு, தின்பது வேறு. இரண்டுக்கும் ஒரே மாதிரி லீஷைச் சுண்டினால் அவனுக்கு வித்தியாசம் தெரியாமல் போகும்.

வீட்டு வாசலில் காலையில் தண்ணீர் தெளித்த ஈர மண்ணில் பத்தடி நடங்கள், குதிகால் நன்றாகப் பதியும்படி. ஒவ்வொரு காலடிப் பள்ளத்திலும் பட்டாணி அளவு ஈரல் ஒன்று. அவனை முதல் காலடியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் நிமிர்ந்து பார்த்தால் அவன் கண்ணைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். பேசாதீர்கள், கையைக் காட்டாதீர்கள். முதல் நாள் அரை நிமிஷம் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்பான். உங்களுக்குத் தாங்காது, தாங்கிக்கொள்ளுங்கள். அவனாகக் குனியும் அந்த நொடிதான் பாடம். நாலாம் நாளிலிருந்து இரண்டு காலடிக்கு ஒரு துண்டு, பத்தாம் நாள் ஐந்துக்கு ஒன்று, கடைசியில் முடிவில் மட்டும். அன்றைக்கு அவன் சாப்பிடும் சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள், பீகிள் குண்டாக நேரமே ஆகாது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

இன்னொரு சண்டை பாக்கி இருக்கிறது. ஒன்பதரை மணி.

மார்ச் மாதம் கேப்பர் மலைச் செம்மண்ணில் ஒன்பதரைக்கு நாயை அவிழ்த்துவிட யாருக்கு மனசு வந்தது? மரத்தடியில் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்த நாய்கள் தோற்கவில்லை, அவற்றின் மூக்கை வெயில் மூடிவிட்டது. நாய் முகரும்போது வினாடிக்கு ஐந்து தரம் போலச் சின்னச் சின்னதாக இழுக்கும். உள்ளே போகும் காற்றில் எட்டில் ஒரு பங்கு போல மோப்பப் பகுதிக்குத் தனியாகப் பிரிந்து போகும். வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுக் கீறல் வழியாகப் பின்பக்கம் போவதால் எதிரில் இருக்கும் வாசனை கலையாது. இரைக்கும் மூச்சு வேறு. அது சூட்டை வெளியேற்றுவதற்கான மூச்சு. நாய்க்கு வியர்வை என்று சொல்லிக்கொள்ள உள்ளங்காலில் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் நாக்கு. ஒரே நேரத்தில் அது இரைக்கவும் முகரவும் முடியாது. இரைக்க ஆரம்பித்த நாயைத் 'தேடு' என்று விரட்டுவது, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவனைப் பாடச் சொல்வது போல.

வாசனையும் அதற்குள் போயிருக்கும். விடிகாலையில் மண் ஈரமாக, மேலே இருக்கும் காற்று அசையாமல் இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் செதிலும், மிதிபட்ட சருகின் வாடையும் தரையோடு தங்கும். வெயில் ஏறினால் மண் காய்ந்து சூடான காற்று எழும்பும், வாசனையும் அதோடு போய்விடும். நம் கரையில் காற்றின் கணக்கு ஒன்று இருக்கிறது. விடிகாலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று மெல்ல வரும். வெயில் ஏறும்போது அது விழுந்துவிடும். முற்பகலுக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து எழும். நடுவில் காற்று விழுந்த அந்த நேரத்தில்தான் நீங்கள் நாய்களை விட்டிருக்கிறீர்கள். வாசனை ஒரு திசையில் போகாமல் மரத்துக்கு மரம் சுழலும். அனுபவமுள்ள நாயே தடுமாறும்.

அதனால் மார்ச்சில் ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். தரை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் முதல் தடம், எட்டு மணிக்குக் கடைசி நாய் நிழலுக்கு வந்துவிட வேண்டும். ஏப்ரலிலிருந்து மழை தொடங்கும் வரை தோப்பே வேண்டாம், வாசல் பயிற்சி போதும். மழைக்காலம் ஓய்ந்து டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நமக்கு நல்ல பருவம். ஆறு நாய்க்கு இருபது லிட்டர் கேன் ஒன்று வேண்டும், பாதி குடிக்க, பாதி நனைக்க. நாக்கு அகலமாகி நுனி கரண்டி போல மடங்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். ஈறு செக்கச்செவேலென்று ஆகி, எச்சில் கயிறாகத் தொங்கி, நடை தள்ளாடினால் ஒரு நிமிஷமும் யோசிக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிரவைப்பது, பிறகு வண்டி. உடல் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடும். வழியெல்லாம் விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. கடலூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எந்த மருத்துவர் போனை எடுப்பார் என்பதைச் சனிக்கிழமையே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறையும் ஒன்றாக விட்டதும் தப்பு. பீகிள் கூட்டமாக ஓடிய இனம். ஒன்று வாசனை கிடைத்து நீட்டிக் குரல் கொடுத்தால் மற்றவை தன் மூக்கை விட்டுவிட்டு அந்தக் குரலுக்கு ஓடும். அது அவற்றின் குணம். குரல் கொடுத்தவன் சரியாக இருந்தால் கூட்டமே சரி. சும்மா உற்சாகத்தில் கத்துகிறவன் ஒருத்தன் இருந்தால் கூட்டமே பாழ். பழகும் நாட்களில் ஒவ்வொரு நாயும் தன் மூக்கால் தானே ஒரு தடத்தை முடிக்க வேண்டும். ஒன்று தடத்தில் இருக்கும்போது மற்றவை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நிழலில் காத்திருக்கட்டும். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், ஆறு பேருக்கு ஒன்றரை மணி நேரம். கத்தும், கத்தட்டும். தோப்புக் காவல்காரரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காய் பொறுக்கும் பருவத்தில் அவருக்குச் சந்தேகம் வரும். பூச்சிமருந்து எப்போது அடித்தார்கள் என்றும் அவரிடமே கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் அடித்திருந்தால் வேறு தோப்பு பாருங்கள். விழுந்து கிடக்கும் முந்திரிக்கொட்டையை நாய் கடிக்க விடாதீர்கள், ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் உதடும் நாக்கும் வெந்துவிடும். முந்திரியைவிடச் சவுக்குத் தோப்பு கிடைத்தால் நல்லது. சவுக்கு ஊசி மெத்தையாகக் கிடந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதோடு 2011 டிசம்பர் 30இல் அடித்த 'தானே' புயலுக்குப் பிறகு நட்ட முந்திரியெல்லாம் கிளை தரையில் தவழ நிற்கிறது, ஐந்து மீட்டர் லீஷ் பத்தடிக்கு ஒரு தரம் சிக்கும்.

தடம் போடும் தம்பிக்குச் சொல்ல வேண்டியது: காரிலிருந்து நேராகத் தடத்தைத் தொடங்காதீர்கள். ஒரு இடத்தில் ஒரு சதுர மீட்டர் அளவு நன்றாக மிதித்துவிட்டு, போட்டுக் கழற்றிய உங்கள் காலுறை ஒன்றை அங்கே போடுங்கள். காற்று முதுகில் படும்படி ஐம்பது தப்படி நேராக நடங்கள். எதிர்க்காற்றில் போட்டால் கடைசியில் இருக்கும் ஈரலின் வாசனை நேராக வந்துவிடும், நாய் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடும், காலடியைத் தேடாது. ரிப்பன் கட்டி அடையாளம் வையுங்கள். முடிவில் மூடிய டப்பாவோடு அங்கேயே மரத்தின் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். எழுந்து போகவே வேண்டும் என்றால் ஐம்பது மீட்டராவது விலகிச் சுற்றிக்கொண்டு வாருங்கள். வந்த வழியில் ஒரு காலடிகூடத் திரும்பக் கூடாது. அடுத்த நாய்க்குப் புதுத் தடம், முதல் தடத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி. முழங்கால் வரை பூட்ஸும் கையில் தடியும் இருக்கட்டும், சருகுக்கடியில் கண்ணாடி விரியன் படுத்திருந்தால் தெரியாது.

பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து நீங்கள் லட்டுவோடு வாருங்கள். காலுறையை அவனாக முகரட்டும், மூக்கில் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள். லீஷ் உங்கள் கையில் தொய்வுக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் இருக்கட்டும். அவன் தலை தூக்கிவிட்டால் தடம் விட்டுப்போயிற்று என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள். அவன் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போடுவான், சில சமயம் இரண்டு. தடம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் தோள் தன்னால் அந்தப் பக்கம் சாயும். சாயவிடாதீர்கள். அவன் அதைப் படித்துவிடுவான், பிறகு மூக்கை விட்டுவிட்டு உங்கள் தோளைத்தான் தேடுவான். மறுபடி தடம் கிடைத்ததும் வால் விறைத்து வேகமாக ஆடும், அந்த வெள்ளை நுனி புல்லுக்கு மேலே தெரியும். அப்போது பின்னால் நடங்கள். முடிவில் டப்பாவைத் திறப்பவர் ஒளிந்திருக்கும் அந்தத் தம்பிதான், நீங்கள் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, அக்குள், பெல்ட்டுக்கடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். இருந்தால் மண்ணெண்ணெய் வைக்காமல் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலிடுக்கில் நெருஞ்சியும் ஊசிப்புல்லும் ஏறியிருக்கும். தொங்கும் காதின் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசியும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் தேதி தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்று சாயங்காலம் ஹார்னஸை மாட்டி அவனைத் தெருவுக்குக் கூட்டிப் போங்கள். அந்தச் சாக்கடையோரத்தில் அவன் நிற்கிறானா என்று பாருங்கள். முதல் நாள் நிற்காமலும் போகலாம், உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகலாம். அப்படிப் போனால் நீங்களே அங்கே நின்றுவிடுங்கள், கையை அசைக்காமல். அவன் குனிந்த பிறகு இருபது எண்ணுங்கள்.

அன்புடன்.